கடன் என்னும் சொல்லின் வரலாறு

நெசவாளர் சங்கமாயினும், பயிரிடுவோரின் கடன் சங்கமாயினும், அதன் ஏடுகளில் மிகுதியாக வழங்கும் சொல் கடன் என்பதே. கடன் மனு, கடன் பத்திரம், கடன் பதிவேடு, கடன் பாக்கி என்று அச்சொல் பக்கந்தோறும் வருகின்றது. ஏட்டில் தயக்கமின்றி எழுதும் அதே சொல்லை வீட்டு வாயிலில் நின்று வாய்விட்டுச் சொல்ல நாம் கூசுகின்றோம். இந்தக் கூச்சத்தினால் அங்கத்தினர் குடும்பங்கள் அடையும் நஷ்டம் சிறிதன்று. ஆதலின், இச்சொல் எங்ஙனம் பிறந்தது, அதன் உட்பொருள் யாது என்பதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். சொல்லாராய்ச்சி புலவர்களுக்கு மட்டும் உரியதன்று. பத்திரத்தில் கையொப்பமிடுவோர் யாவருக்கும் உரியது.

சுவீடன் நாட்டார் வழங்கும் சொல்

பாவின் நிறம் ஊடை நூல் அருகே வந்த பின்னரே நன்கு புலப்படும் என்பது நெசவாளர் அறிந்தது. அவ்வாறே நம் சொல்லை விளங்கிக்கொள்ள, வேற்றுநாட்டுச் சொல் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஐரோப்பாவின் வடபகுதியில் உள்ள சுவீடன் நாட்டில் கடனுக்கு ‘ஸ்குல்ட்’ என்று பெயர். அந்நாட்டில் ஒரு கம்பெனியோ சங்கமோ ஆண்டு முடிவில் தயாரிக்கும் ஐந்தொகையில், பிறருக்குக் கொடுக்க வேண்டிய தொகைகளெல்லாம் இச்சொல்லின் பன்மையைத் தலைப்பாகக் கொண்டே எழுதப்படுகின்றன. இது ‘ஸ்கூலா’ என்னும் வினைச்சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. அவ்வினைக்கு முற்காலத்தில் ‘கடமைப்பட்டிருத்தல்’ என்பது பொருள். இக்காலத்தில் ‘செய்ய வேண்டும்’, ‘செய்வேன்’ என்பவற்றைக் குறிக்கும் துணைவினையாக நிற்கின்றது. ஆங்கிலத்தில் நாம் பள்ளியில் கற்ற ‘ஷால்’, ‘ஷுட்’ என்பனவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜெர்மானியர் கடனுக்கு வழங்கும் ‘ஷுல்ட்’ என்பதும் இதன் உடன்பிறப்பே. வட ஐரோப்பியரின் பழங்கதைகளில் மனிதரின் விதியை வகுக்கும் தேவியர் மூவருள் ஒருத்திக்கும் ஸ்குல்ட் என்றே பெயர். ‘நிகழக் கடவது’ என்பது அப்பெயரின் உட்கிடை.

எனவே, கொடுக்க வேண்டிய பணமும், செய்ய வேண்டிய செயலும் அவர்களுடைய எண்ணத்தில் ஒரே இடத்தில் தோன்றின. ஆனால் அச்சொல் மற்றொரு பொருளையும் ஏற்றுக்கொண்டது. சுவீடன் மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் அது ‘குற்றம்’ என்றும் பொருள்படும். அதன் வழிவந்த பெயரடை கடன்பட்டவனையும் சுட்டும்; குற்றவாளியையும் சுட்டும். செலுத்த வேண்டியதைச் செலுத்தாதவன் பிழை செய்தவன் என்னும் கருத்து நாளடைவில் சொல்லுக்குள்ளேயே புகுந்துவிட்டது.

தமிழில் கடன்

இனி நம் சொல்லுக்கு வருவோம். கடன் என்பது வடமொழியிலிருந்து வந்ததன்று. நம் மொழிக் குடும்பத்திற்கே உரியது. மலையாளத்தில் ‘கடம்’ என்றும், கன்னடத்தில் ‘கட’ என்றும் இஃது இன்றும் வழங்குகின்றது. தமிழில் இதன் உறவினர் பலர்: கடமை, கடப்பாடு, கடவன், கடவது என்பன. பத்திரம் எழுதுவோர், ‘மேற்படி தொகையை வட்டியுடன் செலுத்தக் கடவேன்’ என்று எழுதுவதை நாம் அறிவோம். அதிலுள்ள ‘கடவேன்’ என்னும் வினையும், பத்திரத்தின் தலைப்பில் உள்ள ‘கடன்’ என்னும் பெயரும் ஒரே இனத்தவை. சுவீடன் மொழிக்கும் தமிழுக்கும் உறவு ஏதுமில்லை. எனினும் அங்கே ஸ்குல்ட் எவ்விதம் ஸ்கூலாவோடு நிற்கின்றதோ, அவ்விதமே இங்கே கடன் கடவேனோடு நிற்கின்றது.

புறநானூற்றில் இதன் இரண்டு பொருள்களையும் காணலாம். 312ஆம் பாட்டில் பொன்முடியார் என்னும் புலவர், தாய், தந்தை, கொல்லன், வேந்தன், இளைஞன் ஆகிய ஐவர்க்கும் உரிய பொறுப்புகளை வரிசையாகக் கூறுகின்றார். அப்பொறுப்பு ஒவ்வொன்றுக்கும் அவர் வழங்கும் சொல் கடன் என்பதே. அங்கே பணத்தைப் பற்றிய பேச்சு இல்லை.

327ஆம் பாட்டோ ஒரு சிறு விவசாயியின் வீட்டுக் கணக்கைப் போன்றது. அவனுக்கு விளைந்தது சிறிதளவு வரகு. முன்பே கொடுத்து வைத்தவர்கள் வந்து தங்கள் பங்கை அளந்துகொண்டு போகின்றனர். மீந்ததைப் பசியோடு வந்த பாணர் உண்கின்றனர். பின்னர்ச் சுற்றத்தாரின் வறுமையைப் போக்க, தன் ஊரிலுள்ள சிறியோரிடமே சென்று அவன் வரகைக் கடனாகக் கேட்கின்றான். அத்தகையவன்தான் பகையரசன் படையெடுத்து வந்தால் தடுத்து நிறுத்தும் வல்லமை உடையவன் என்று புலவர் முடிக்கின்றார். கடன் கேட்டதனால் அவன் தாழ்ந்துவிட்டான் என்று அவர் கூறவில்லை. பெருந்தகையாளன் என்றே போற்றுகின்றார்.

பிற்காலத்தில் சோழர் கல்வெட்டுகளில் ‘கடமை’ என்னும் சொல் அரசுக்குச் செலுத்தும் வரியையும் குறித்தது. இன்றும் பேச்சு வழக்கில் ‘கடன்காரன்’ என்றால் வாங்கியவனையும் குறிக்கும், கொடுத்தவனையும் குறிக்கும். இதனைச் சிலர் மொழியின் குழப்பம் என்பர். கொடுத்தவன், வாங்கியவன் ஆகிய இருவருமே அந்த ஏற்பாட்டிற்குக் கட்டுப்பட்டவர்கள் என்று கருதினால், இதிலும் ஓர் ஒழுங்கு இருப்பதை உணரலாம்.

இதுவே பாடத்தின் மையக் கருத்து. வடநாட்டார் சொல் கடமையில் தொடங்கிக் குற்றம் வரையில் சென்றது. நம் சொல் கடமை என்னும் அளவிலேயே நின்றது. ஆயினும் சொல்லில் இல்லாத குற்றத்தை நாம் மனத்தில் சுமந்துகொண்டிருக்கின்றோம்.

வெட்கத்தின் விலை

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் மழைக்காலம் எப்படியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் பாவு நீட்ட இயலாது. குழித்தறியில் ஈரம் ஏறும். பட்டு நூல் சொன்னபடி கேளாது. பத்து நாளில் இறங்க வேண்டிய சேலை இருபது நாளாகும். கூலி குறைகின்றது, தவணை தவறுகின்றது. இதில் நெசவாளியின் குற்றம் எங்கே இருக்கின்றது?

ஆயினும், சங்கத்தின் செயலாளரோ ஆய்வாளரோ வீட்டிற்குச் சென்றால், “அவர் ஊர்ல இல்லீங்க, ஐயா” என்று வீட்டம்மாள் கூறுகின்றார். உள்ளே தறி மிதிக்கும் ஓசை தெளிவாகக் கேட்கின்றது. வந்தவரும் கேளாதவர்போலத் திரும்புகின்றார். இத்தகைய காட்சி பல வீடுகளில் நிகழ்வது. அன்று மாலையே அந்த அங்கத்தினர், சங்கத்துக்கு முகங்காட்டும் பொருட்டு, தெருக்கோடியில் உள்ள தண்டல்காரரிடம் செல்லுகின்றார். வெட்கம் அவரைச் சிறிய கடனிலிருந்து பெரிய கடனுக்குக் கொண்டு செல்கின்றது.

அந்தப் பெரிய கடனின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, 1,000 ரூபாயை முன்னதாகவே கழித்து, 9,000 ரூபாயைக் கையில் கொடுப்பர். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் செலுத்த வேண்டும். ‘ஆயிரம் ரூபாய்தானே, நூற்றுக்குப் பத்துதானே’ என்று தோன்றும். ஆனால் 9,000 ரூபாயும் நூறு நாளும் நம்மிடம் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே அது குறைந்துகொண்டு போகின்றது. சராசரியாக நம் கையில் இருப்பது ஏறக்குறைய 4,500 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் 1,000 ரூபாய் வட்டியென்றால், ஓராண்டுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 80 ரூபாய் ஆகின்றது.

வட்டி என்னும் சொல்

இங்கே வட்டி என்னும் சொல்லையும் ஆராய்வது பயன்தரும். வடமொழியில் வளர்ச்சியைக் குறிக்கும் ‘விருத்தி’ என்னும் சொல் பிராகிருதத்தின் வழியாகத் திரிந்து தமிழில் வட்டி ஆயிற்று என்பர். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பொலிசை’, ‘பலிசை’ என்னும் சொற்கள் வட்டிக்கு வழங்கின. பொலிதல் என்றால் பெருகுதல், செழித்தல். களத்தில் நெல்லை அளக்கும்போது ‘பொலி, பொலி’ என்று கூறுவதை விவசாய அன்பர்கள் அறிவர். மலையாளத்தில் இன்றும் வட்டிக்குப் ‘பலிச’ என்றே பெயர்.

வட்டி என்பது வளர்ச்சி என்றால், எதன் வளர்ச்சி என்று கேட்க வேண்டும். வாங்கிய பணம் தறியிலோ நிலத்திலோ பெருகி, அப்பெருக்கத்தில் ஒரு பகுதி கொடுத்தவனுக்குச் செல்வது முறையான வட்டி. நம் உழைப்பில் பெருக்கம் ஏதுமில்லாதபோதும் கொடுத்தவனுடைய பணம் மட்டும் பெருகுமாயின், அது நம் முதலை உண்டு வளர்கின்றது என்பதே பொருள்.

மற்றொன்றையும் மனத்திற்கொள்ள வேண்டும். வெளியார் ‘மூன்று வட்டி’ என்று சொல்லும்போது, மாதத்திற்கு நூற்றுக்கு மூன்று ரூபாய் என்பது கருத்து. ஆண்டுக்கு அது 36 ஆகும். சங்கம் கூறும் விகிதமோ ஆண்டுக்கு உரியது. சங்கத்தில் 12 என்று கேட்டு, வெளியில் 3 என்று கேட்டு, மூன்றுதான் குறைவு என்று எண்ணி ஏமாந்தவர் உண்டு. எனவே ‘எத்தனை வட்டி’ என்று மட்டும் கேளாமல், ‘எத்தனை நாளுக்கு’ என்றும் கேட்டல் வேண்டும். 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் இயற்றப்பெற்ற, அளவுமீறிய வட்டியைத் தடை செய்யும் சட்டம், கந்துவட்டி, நாள்வட்டி, மணிவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுத்திருக்கின்றது. கடன் வாங்கியவன் குற்றவாளி அல்லன்; அளவுமீறிய வட்டி வாங்குபவனே குற்றவாளி என்பது அச்சட்டத்தின் கருத்து.

காஞ்சியின் பழைய கணக்கு

வட்டியை ஒழுங்காக நடத்திய முன்னுதாரணம் நம் ஊரிலேயே உண்டு. சென்னை அருங்காட்சியகத்தில் உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகின்றது. பத்தாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்த அச்செப்பேடு, அன்று கச்சிப்பேடு எனப்பட்ட காஞ்சியில், இன்று உலகளந்த பெருமாள் கோயில் என வழங்கும் ஊரகக் கோயிலைப் பற்றியது. கோயிலுக்குரிய பொன் ஊராரிடமும் சேரியாரிடமும் முதலாகக் கொடுக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து வரும் வட்டி கோயிற் செலவுகளுக்குப் பயன்பட்டது. அக்கணக்குகளைக் கவனிக்கும் பொறுப்பு, நெசவாளர் வாழ்ந்த சேரிகளைச் சார்ந்தவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

இதில் மூன்று செய்திகள் நம் கவனத்திற்குரியவை. முதல் அப்படியே நிற்க, அதன் பெருக்கமே செலவழிக்கப்பட்டது. கடனைத் தனி மனிதர் மட்டுமன்றி ஊரும் சேரியும் பொதுவாக ஏற்றன. கணக்குப் பார்க்கும் தகுதி நெசவாளருக்கு உண்டு என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அரசு ஏற்றுக்கொண்டது.

பொதுவாகப் பொறுப்பேற்கும் இம்முறையைப் பிற்காலத்தில் ஜெர்மனியில் புதிதாக அமைத்தவர் ரைஃபைசன். 1818 முதல் 1888 வரை வாழ்ந்த அவர், கிராமத்து விவசாயிகள் ஒருவர்க்கொருவர் பிணையாக நின்று கடன் பெறும் சங்கங்களைத் தோற்றுவித்தார். கடனுக்கும் குற்றத்திற்கும் ஒரே சொல்லை வழங்கும் நாட்டில், கடனை நாணயமான கூட்டுப் பொறுப்பாக மாற்றியவர் அவர். சென்னை மாகாண அரசு இம்முறைகளை ஆராயும்படி நிக்கல்சன் என்னும் அதிகாரியைப் பணித்தது. அவருடைய அறிக்கை 1895லும் 1897லும் இரு பகுதிகளாக வெளிவந்தது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவுசெய்யப்பட்ட ஊர் நம் காஞ்சிபுரமே.

சங்கத்தின் கடன்

கடன் என்பது கடமை என்றால், அது வாங்கியவருக்கு மட்டும் உரியதா? நம் ஐந்தொகையைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் ‘சொத்துகள்’ என்றும், மறுபக்கத்தில் ‘பொறுப்புகள்’ என்றும் தலைப்புகள் உள்ளன. அங்கத்தினர் செலுத்திய பங்குத்தொகை, வைப்புத்தொகை, கூலியில் பிடித்த சிக்கன சேமிப்பு, கொடுக்க வேண்டிய கூலி ஆகியவை பொறுப்புகளின் பக்கத்திலேயே வருகின்றன. அவற்றுள் வைப்பும், சேமிப்பும், கூலி பாக்கியும் சங்கம் உங்களுக்குப் பட்டிருக்கும் கடன். அங்கத்தினர் தவணை தவறினால் அறிவிப்பு அனுப்பும் சங்கம், தான் கூலி தாமதித்தால் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டது. அதனை மகாசபைக் கூட்டத்தில் எழுந்து கேட்பது மரியாதைக் குறைவன்று.

தன் பொறுப்பை மறந்த நிறுவனம் என்னவாகும் என்பதற்குச் சுவீடன் நாட்டிலேயே சான்றுண்டு. அந்நாட்டுத் தலைநகரில் பால்ம்ஸ்ட்ருக் என்பவர் நடத்திய வங்கி, 1661இல் ஐரோப்பாவிலேயே முதன்முதலாகக் காகிதப் பணத்தை வெளியிட்டது. காகிதத்தைக் கொண்டுவந்தால் உலோகப் பணம் தரப்படும் என்பது வாக்குறுதி. கையிருப்புக்கு மேல் காகிதத்தை வெளியிட்டுக் கடன் கொடுத்தமையால், மக்கள் திரண்டு வந்து கேட்டபோது வங்கியால் கொடுக்க இயலவில்லை. வங்கி வீழ்ந்தது, நிறுவியவர் தண்டிக்கப்பட்டார். அதன் பின்னர் 1668இல் நாட்டு மன்றத்தின் மேற்பார்வையில் அமைந்த வங்கியே, இன்று உலகின் மிகப் பழைய மத்திய வங்கியாக விளங்குகின்றது. கடன் கொடுப்பவனுக்கும் கடன் உண்டு என்பதை அந்நாட்டார் அனுபவத்தால் அறிந்தனர்.

கடமைக்கு எல்லை உண்டு

கடன் கடமையாக இருக்க வேண்டுமானால், அதற்குத் தொகை, தவணை, முடிவு ஆகிய மூன்றும் திட்டமாக இருத்தல் வேண்டும். இம்மூன்றும் இல்லாத ஏற்பாடு ஒன்று நம்மிடையே நெடுங்காலம் நிலவியது. தொழில் கொடுப்பவர் முன்பணம் தருவார். அது தீரும் வரையில் வேறிடத்தில் நெய்யக் கூடாது. கூலியில் அது கழிந்ததா இல்லையா என்பது அவருடைய நோட்டுக்கே தெரியும். தந்தை வாங்கிய முன்பணத்துக்கு மகன் தறியில் உட்கார்ந்த குடும்பங்களும் உண்டு. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், இவ்வாறு உழைப்பைக் கட்டிப்போடும் கடனை அடியோடு ரத்து செய்தது. அத்தகைய கடனைத் திருப்பித் தரவேண்டிய பொறுப்பே இல்லையென்று சட்டம் கூறுகின்றது. எனவே ஒவ்வொரு கடனும் கடமையாகிவிடாது. ஒழுங்கான கடனே கடமையாகும்.

ஒழுங்கான கடனில் இடர் நேர்ந்தால் செய்யத்தக்கது யாது? தவணை நாளுக்கு முன்னரே சங்கத்திற்கு நேரில் வருக. காரணத்தை எழுதிக் கொடுக்க. இயன்ற சிறு தொகையைச் செலுத்தி ரசீது பெறுக. துணைவிதிகள் இடங்கொடுக்கும் அளவில் தவணையை நீட்டிப்பதைப் பற்றி நிர்வாகக் குழு ஆலோசிக்கும். இயற்கைச் சீற்றத்தால் பயிர் அழிந்த காலங்களில், குறுகிய காலப் பயிர்க்கடனை மத்திய காலக் கடனாக மாற்றித் தரும் ஏற்பாடும் கூட்டுறவு முறையில் உண்டு. ஆனால் கேளாதவர்க்கு எவரும் வழிகாட்ட இயலாது. பிணை நின்ற அண்டை வீட்டாரை நினைத்தேனும் முன்வந்து சொல்லுதல் வேண்டும்; மறைந்திருப்பவருடைய பாக்கிக்குப் பதில் சொல்லப்போவது அவர்தாமே.

வசூலுக்குச் செல்லும் செயலாளர்களுக்கும் ஒரு சொல். தெருவார் கேட்கும்படி பாக்கியைக் கூவுவது வசூலுக்கு உதவுவதன்று. அங்கத்தினர் வெட்கத்தால் மறைந்துகொள்ளவே அது வழிசெய்யும். உள்ளே அமர்ந்து பாஸ் புத்தகத்தைத் திறந்து, முதல் இவ்வளவு, வட்டி இவ்வளவு, செலுத்தியது இவ்வளவு என்று படித்துக் காட்டினால், அடுத்த முறை கதவு தானே திறக்கும்.

பாடத்தை இப்படித் தொகுத்துக்கொள்ளலாம். கடன் என்ற சொல் பிறந்தபோது அதில் வெட்கம் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்வேன் என்னும் உறுதிமொழியே இருந்தது. அவ்வுறுதியை அங்கத்தினரும் காப்பாராக, சங்கமும் காப்பதாக.

படிப்பு வட்டத்தில் ஆராயத்தக்க வினாக்கள்

1. உங்கள் கடன் பத்திரத்தில் ‘கடவேன்’ என்னும் சொல் எத்தனை இடத்தில் வருகின்றது? ஒவ்வோரிடத்திலும் நீங்கள் ஏற்றுக்கொண்ட கடமை யாது?

2. 20,000 ரூபாய்க்கு மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. அதே தொகைக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினொரு ரூபாய் வட்டி. ஓராண்டில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு?

3. சென்ற ஆண்டு ஐந்தொகையின்படி, உங்கள் சங்கம் அங்கத்தினர்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகைகள் யாவை?

4. மழைக்காலத்தில் தவணை தவறாதிருக்க, கோடைக் காலத்துக் கூலியிலிருந்து எவ்வளவு ஒதுக்கிவைத்தல் தகும்?